தாளிக்காத நாட்கள்

உ
சிங்காநல்லூர்
18.1.1999

அன்புள்ள ரம்லாவுக்கு, கோமளா எழுதுவது.

பொங்கலுக்கு நீ வருவாய் என்று முழுக் கரும்பு ஒன்றை உனக்காகத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். ‘வராதவங்களுக்குக் கரும்பு எதுக்கு’ என்று இவர் நேற்று அதை உடைத்துத் தின்றுவிட்டார். ஈரோட்டுக்கும் கோயமுத்தூருக்கும் நடுவில் கடலா இருக்கிறது? ஊர் மாறிப் போனதிலிருந்து ஒரு வருடமாக வருகிறேன், வருகிறேன் என்கிறாய். சரி, சண்டை போட இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

ஒரு சினிமா பார்த்தேன். என் அண்ணன் மகன் மதன்குமார் சென்னையில் சினிமா படிக்கிறான் அல்லவா, அவன்தான் கூட்டிப்போனான். ஏதோ திரைப்படச் சங்கமாம். கல்யாண மண்டபத்து மாடியில் வெள்ளைத் துணி கட்டி, இரும்பு நாற்காலி போட்டுக் காட்டினார்கள். வெளிநாட்டுக் கறுப்பு வெள்ளைப் படம். யுத்த காலம். ஒரு இனத்தையே பேர் சொல்லித் தேடிப் பிடித்து ரயிலில் ஏற்றிக் கொல்கிறார்கள். ஒரு விவசாயியின் பெண்டாட்டி தன் மாட்டுக் கொட்டகைப் பரணில் ஒரு குடும்பத்தை ஒளித்து வைக்கிறாள். கீழே பசுமாடு அசை போடுகிறது. சிப்பாய் வந்து கதவைத் தட்டுகிறான். அவள் மாவு பிசைந்த கையோடு போய்த் திறக்கிறாள். படம் முழுக்க அவள் முகத்தில்தான் வெளிச்சம். பின்னால் பிடில் அழுகிறது. என் முந்தானை நனைந்துபோனது. அது நான்தான் என்று தோன்றியது, ரம்லா. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே மதனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தொண்ணூற்றேழில் கலவரம் வந்தபோது உன் வீட்டுக்காரர் முஸ்தபா அண்ணன் சரக்கெடுக்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டது, இவர் பட்டறை டெம்போவில் மோட்டார் மூடும் சாக்குகளுக்கு அடியில் உன்னையும் உன் மாமியாரையும் குழந்தை யுஸ்ராவையும் படுக்கவைத்துக் கொண்டுவந்தது, நான் வாசலில் வேப்பிலை கட்டியது எல்லாம். வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை சொல்லிவிட்டால் எங்கள் சந்தில் யார் படியேறுவார்கள்? கூடப் பிறந்தவன் வந்தாலும் வாசலோடு திரும்பிவிடுவான். துணி துவைக்கிற சத்தம் கூடாது, கறி மீன் கூடாது, தாளிப்பு கூடாது. அம்மை போட்ட வீட்டுக்கு அக்கம்பக்கத்திலும் தாளிக்கமாட்டார்கள். அந்த வாசம் ஆத்தாளுக்கு ஆகாது. அம்மை இவருக்கு என்று சொல்லிவிட்டதால் மனிதர் பாயில் கிடந்து பகலெல்லாம் தூங்கினார், ஞாபகம் இருக்கிறதா?

மதன் பஸ் என்றும் பார்க்காமல் கத்திவிட்டான். “அத்தை, இது சினிமாங்க!” படிப்பு முடிக்க அவன் ஒரு சின்னப் படம் எடுத்துத் தரவேண்டுமாம். சித்திரையில் எங்கள் சந்திலேயே, எங்கள் வீட்டிலேயே எடுக்கப்போகிறான். என் வேஷம் கட்டத் திருப்பூரிலிருந்து ஒரு நாடகக்காரப் பெண் வருகிறாள். என்னைவிட நிறமாம். இவர் இப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

படம் போடுகிற அன்று நீ என் பக்கத்தில் உட்காரவேண்டும். பதில் போடு.

உன்,
கோமளா


786
ஈரோடு
27.1.1999

அன்புள்ள கோமளாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாமியின் கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. முன்பைவிட அதிகமாக இழுத்து நடக்கிறார். யுஸ்ரா ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறாள். தெருமுனை மரத்திலிருந்து வேப்பங்கொத்து ஒடித்துவந்து வாசலில் செருகிவிட்டு, பாயைச் சுருட்டி அதற்குள் படுத்துக்கொள்கிறாள். எங்களையும் பேசக்கூடாது என்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து படுத்துக்கொள்கின்றன. அவர்களுக்கு அது ஏன் என்று தெரியாது. அவளுக்கே தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம் வந்தது. மறைத்துப் பேச நம் இருவருக்கும் பழக்கமில்லை. டைப்ரைட்டிங் வகுப்பில் என் பேப்பரைக் கசக்கிவிட்டு நீயே வந்து சொல்வாய். அதனால் நானும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் படத்தில் பரணில் ஒளிந்திருந்தவர்களுக்குப் பெயர் இருந்ததா? நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த அம்மாளின் மாவுக் கை வருகிறது, சிப்பாய் வருகிறான், பசுமாடு வருகிறது, உன் முந்தானை வருகிறது. ஒளிந்தவர்கள் ‘ஒரு குடும்பம்’ என்று ஒரே ஒரு முறை வருகிறார்கள். அந்தப் பரணில் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? யாருக்கு யார்மேல் கோபம்? அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்தால் யார் வாயைப் பொத்தினார்கள்? உனக்கு அது கண்ணில் படவே இல்லை. காட்டாததை நீ எப்படிப் பார்ப்பாய்?

இன்னொன்று. அங்கே ஒரு இனத்தையே இல்லாமல் ஆக்கப் பார்த்தார்கள். நமக்கு நடந்தது அது இல்லை. அதைப் பெரிதாக்க வேண்டாம் என்று மதனிடம் சொல். அதற்காகச் சின்னதாக்கவும் வேண்டாம். கதவைத் தட்டுகிற சத்தம் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நீ எங்களைக் காப்பாற்றினாய். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் அந்த நாட்கள் உன்னுடையவை மட்டும் இல்லையே. சென்ற பிப்ரவரியில் கோயமுத்தூரில் குண்டுகள் வெடித்ததற்குப் பிறகு, இங்கே வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் என் பெயரைக் கேட்டதும் வீட்டுக்காரர்களுக்குச் சாவி தொலைந்துவிடுகிறது. இந்த நேரத்தில் எங்கள் கதையைத் திரையில் போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போடாதே என்று சொல்லியிருப்பேனா, தெரியாது. நீ கேட்கவில்லை.

ரம்லா


உ
சிங்காநல்லூர்
5.2.1999

ரம்லா,

 உன் கடிதத்தைப் படித்துவிட்டு இவரோடு சண்டை போட்டேன், உன்னோடு போடமுடியாததால். கேட்டிருக்கவேண்டும். தப்புதான். ஆனால் கேட்டால் நீ வேண்டாம் என்பாய் என்ற பயத்தில் கேட்காமல் இருந்தேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய காரியம் அது. மற்றதெல்லாம் சோறாக்கியதும் தண்ணீர் பிடித்ததும்தான். அதை ஒருவன் வந்து படமாக எடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லும் பெருந்தன்மை எனக்கு இல்லை, போ.

மதனிடம் உன் கேள்விகளைச் சொன்னேன். பெயர் வைக்கிறேன் என்றான். பரண் இல்லாவிட்டால் பின்னறை, அதில் அரிக்கேன் விளக்கு வைத்து எடுத்தால் நன்றாக வருமாம். நமக்குக் கரண்ட் இருந்ததே என்றேன். 

ஆனால் படத்துக்கு ஒரு கெட்டவர் வேண்டுமாம். கெட்டவர் இல்லாமல் பயம் வராது என்கிறான். அதற்குத்தான் சென்னியம்மாளைச் சொன்னேன். உனக்கு அவளைத் தெரியாது. எங்கள் பின்னறைக்கு அந்தப் பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். கல்யாணமாகி நான் இந்தச் சந்துக்கு வந்த நாள் முதல் என்னோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவள்.

யுஸ்ரா தயிர்சோறு இறங்காமல் அழுத அன்று, நான் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் குளித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து உன் மாமியார் ரசம் வைத்துத் தாளித்தாரே, அந்த நாளை எடுத்துக்கொள். அம்மையே பொய்தானே, தாளித்தால் என்ன என்று நினைத்துவிட்டார் பாவம். கடுகும் வெந்தயமும் பூண்டும் பொரிந்த வாசம் பொடக்காலிக்கே வந்தது. ஈரத்தோடு உள்ளே ஓடினேன். வெளியே சந்தில் பெண்கள் சத்தம். சன்னல் கதவை அடைத்திருந்ததால் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. நடுவில் சென்னியம்மாள் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்ததை மட்டும் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

மறுநாள் காலை மில் சங்கு ஊதி முடிந்த நேரம். சந்து முனையில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருவன் கையில் சைக்கிள் செயின். சென்னியம்மாள் அவர்களிடம் போனாள். பேசினாள். திரும்பி, என் வீட்டை நோக்கிக் கையை நீட்டினாள். ரம்லா, அந்த விரலை நான் கண்ணால் பார்த்தேன். அவர்கள் வேப்பிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அந்த வேப்பிலை இல்லாவிட்டால் நீயும் நானும் இன்று கடிதம் எழுதிக்கொண்டிருக்கமாட்டோம். அன்றிலிருந்து அவளோடு எனக்குப் பேச்சு இல்லை. உங்களிடம் அப்போது சொல்லவில்லை, ஏற்கெனவே பயந்து கிடந்தீர்கள் என்று.

அந்த விரலைத்தான் படத்தில் பெரிதாகக் காட்டப்போகிறான்.

கோமளா


786
ஈரோடு
20.2.1999

அன்புள்ள கோமளாவுக்கு,

உன் மேல் கோபம் போய்விட்டது. ‘பெருந்தன்மை எனக்கு இல்லை, போ’ என்று எழுதியிருந்தாயே, அங்கே போய்விட்டது. சத்தம் போட்டுச் சிரித்தேன். மாமி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த நாட்களைப் பற்றி நான் உன்னிடம் எதுவுமே சொன்னதில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன். மதன் பயம் என்கிறானே, எனக்குப் பயம் முதலில் மட்டும்தான் இருந்தது. பிறகு அது ஒரு கனவு மாதிரி ஆகிவிட்டது. பின்னறைச் சன்னலை நீ பழைய சேலை போட்டு மூடியிருந்தாய். பச்சை நூல் சேலை. வெயில் ஏற ஏற அறை முழுவதும் பச்சையாகிவிடும். குளத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். யுஸ்ரா தன் கையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள், “அம்மா, நான் பச்சை” என்பாள். மாமி சுவர் ஓரமாகவே நடப்பார், காலை இழுத்து இழுத்து, அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும். அவருக்கு உட்கார முடியாது. நான் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மில் சங்கு, குழாயடி, யாரோ யாரையோ “ஏனுங்க” என்று கூப்பிடுவது. ஒரு உலகமே நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அதில் முகம் எதுவும் இல்லை.

இன்னொன்று வினோதமாக இருக்கும் உனக்கு. அந்த நாட்களில் எதற்கும் வாசனை இல்லை. அதனால்தான் கனவு என்கிறேன். ஒரு வீட்டுக்குள் சும்மா கிடப்பவர்களுக்கு வாசனைதானே கடிகாரம். இந்த வீட்டில் கடுகு பொரிந்தால் மணி பன்னிரண்டு, அந்த வீட்டில் வெங்காயம் வதங்கினால் சாயங்காலம். அங்கே அதுவும் இல்லை. மாமி தாளித்த அந்த ஒரு நாள் தவிர, வேறு எந்த வீட்டிலிருந்தும் எதுவும் வரவில்லை. எந்த நேரம் என்றே தெரியாமல் மிதந்துகொண்டிருந்தேன். பயந்தால் மூக்கு அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

வகுப்புக் காலத்திலிருந்து நீதான் எங்கள் வீட்டுக்கு வருவாய். நான் உன் வீட்டுக்கு வந்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அதைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை.

சென்னியம்மாள் விஷயத்தில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. நீ விரலைப் பார்த்தாய். குரலைக் கேட்டாயா? ஊமைப்படத்தில் கையை நீட்டினால் அது காட்டிக்கொடுப்பதாகவும் இருக்கலாம், வழி சொல்வதாகவும் இருக்கலாம். சந்துக்கே போட்டுக் காட்டப்போகிற படத்தில் ஒரு பெண்ணை இப்படி நிறுத்துவதற்கு முன்னால் அவளிடம் போய்க் கேள். எனக்காகக் கேள்.

ரம்லா


சிங்காநல்லூர்
2.3.1999

ரம்லாவுக்கு,

கேட்கமாட்டேன்.

நீ யார் பக்கம் என்றே எனக்குப் புரியவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்கப் போனவளுக்காக நீயே என்னிடம் வக்காலத்து வாங்குகிறாய். சன்னல் இடுக்கில் நின்று உன் பிள்ளையின் வாயை என் கையால் பொத்திக்கொண்டிருந்தவள் நான். என் நெஞ்சு அடித்த அடி உனக்குத் தெரியாது. அதற்கு என்ன ஒலி வேண்டும்?

படப்பிடிப்பு சித்திரை முதல் ஞாயிறு என்று முடிவாகிவிட்டது. முடிந்ததும் சந்து முனையில் துணி கட்டி முதலில் சந்துக்காரர்களுக்குத்தான் போடப்போகிறான். சென்னியம்மாளும் உட்கார்ந்து பார்க்கட்டும். அடுத்த மாதம் அவள் மகளுக்குக் கல்யாணம், பத்திரிகையை என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கதவைக்கூடத் தட்டவில்லை.

உனக்கு வர விருப்பமிருந்தால் வா. இல்லாவிட்டால் உன் இஷ்டம்.

கோமளா


786
ஈரோடு
17.3.1999

கோமளா, இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. கையில் வேலை இருந்தால் முடித்துவிட்டுப் படி.

நேற்று முன்தினம் ஜவுளிச் சந்தை நாள். எங்கள் கடையில் நானும் உட்கார்ந்திருந்தேன். மத்தியானக் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு அம்மாள் வந்தார். கல்யாணப் பெண்ணுக்குப் பாவாடைத் துணி வேண்டும் என்றார். தடித்த உடம்பு, வெள்ளைக்கல் மூக்குத்தி, கையில் மஞ்சள் பை. நான் துணியை உதறிக் காட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மாமி தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு வந்தார், வழக்கம்போலக் காலை இழுத்து இழுத்து.

அந்த அம்மாளின் கை துணியிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். மாமி “யுஸ்ராம்மா, இந்தா” என்று செம்பை நீட்டியதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“ஏனம்மணி, உங்க மாமியாருக்கு அந்தக் காலு இன்னும் செரியாகலீங்களா?”

 யார் நீங்கள் என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார்.

“நான் சிங்காநல்லூருங். கோமளா ஊட்டுக்கு அடுத்த ஊடு. ஒத்தச் செவுருதானுங் நடுவால. அந்தப் பக்கம் இந்தக் காலு நடக்கறத இந்தப் பக்கம் படுத்துக் கேட்டுக்கிட்டே இருந்தனுங். கோமளா ஊட்டுல யாரு காலை இழுத்து நடப்பா? மொத நாளே தெரிஞ்சுபோச்சு.”

நான் அவரை உட்காரவைத்தேன். மாமி அழ ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீயாக எதையும் சேர்க்காதே, நானும் சேர்க்கவில்லை.

“அன்னைக்கு ரசம் தாளிச்சீங்களே, வெந்தயமும் பூண்டும் போட்டு. அடி ஆத்தா, என்ன வாசம்! எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. அம்மை போட்ட ஊட்டுல எவ தாளிப்பா? சந்துல பொம்பளைக எல்லாம் வெளிய வந்துட்டாங்க. நான் ஓடிப் போயி, ‘எங்க ஊட்டுலதான், மறந்து தாளிச்சுப்போட்டேன்’னு சொன்னனுங். அவளுக புடிச்சுக்கிட்டாளுக. ஆத்தா எறங்குன ஊட்டுக்குப் பக்கத்துல தாளிக்கறயே, உனக்குப் புத்தி இருக்குதான்னு ஒரே வசவு. ஈரச் சேலையோட மாரியாத்தா கோயலுக்குப் போயித் தண்ணி ஊத்தீட்டு வந்தேன். பொய் சொன்னதுக்குத்தான் ஊத்துனேன், அது ஆத்தாளுக்குத் தெரியும்.

“மறாநா காத்தால அவனுக வந்தானுக. தாளிச்ச பேச்சு அவனுக காதுக்கும் போயிருக்கும் போல, அந்த ஊட்டுல நெசமாலுமே அம்மைதானான்னு ஒருத்தன் கேட்டான். நான் கையை நீட்டிச் சொன்னேன். ‘தா, அந்த ஊடுதான். ஆத்தா எறங்கியிருக்கறா. பக்கத்துல தாளிச்சதுக்கே நான் ஈரச் சேலையோட தண்ணி ஊத்தீட்டு வந்திருக்கறேன். நீங்க செருப்புக் காலோட உள்ள போறதுன்னா போங்க சாமி. பொறவு உங்க ஊட்டுப் புள்ளைகளுக்குப் போட்டுதுன்னா என்னையக் கேக்காதீங்க.’ போயிட்டானுக.”

இதுதான் கோமளா, நீ பார்த்த விரல்.

இதையெல்லாம் ஏன் கோமளாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “அவ பேசறதில்லீங் கண்ணு. என்ன மனசுல இருக்குதோ. காப்பாத்துனது அவ. நான் போயி எனக்கும் பங்கு குடுன்னு நிக்க முடியுங்களா?” என்றார். பாவாடைத் துணிக்கு நாங்கள் பணம் வாங்கமாட்டோம் என்றோம். கோபம் வந்துவிட்டது அவருக்கு. கொடுத்துவிட்டுத்தான் போனார்.

படத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியவில்லை. உன் வீட்டில் ஏதோ சினிமா எடுக்கப்போகிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

ரம்லா


உ
சிங்காநல்லூர்
29.3.1999

அன்புள்ள ரம்லா,

உன் கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன். எழுந்திருக்க நேரம் ஆனது.

நேராகச் சென்னியம்மாளிடம் போகத் துணியவில்லை. முதலில் எதிர்வீட்டு ராமாத்தாளிடம் போனேன். சந்தில் ஒரு விஷயம் அவளுக்குத் தெரியாமல் நடக்காது. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுற்றி வளைத்து, அந்தக் கலவர நேரத்தில் சென்னியம்மாள் தாளித்தாளாமே, நீங்கள் எல்லோரும் வைதீர்களாமே என்று கேட்டேன். அவள் கீரையிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

“அவ எங்கடி தாளிச்சா? அன்னைக்கு அவ ஊட்டுல அடுப்பே பத்தவெக்கலை. சீமெண்ணெய் இல்லைன்னு எங்கூட்டுல சுடுதண்ணி வாங்கீட்டுப் போனா.”

 அப்புறம் ஏன் வைதீர்கள் என்றேன்.

“வேற என்ன பண்றது? எங்கூட்டுக்காரரும் அந்த முக்குல அவனுகளோடதான் நின்னுக்கிட்டிருந்தாரு. அவருக்குக் கேக்கட்டும்னுதான் சத்தமா வைதேன்.”

இதைச் சொல்லிவிட்டுக் கீரைத்தண்டை ஒடித்துப் போட்டாள். பிறகு சொன்னாள்: “அன்னைக்கிருந்து நீ வேப்பலைய அவுக்கற வரைக்கும் சந்துல ஒருத்தியும் தாளிக்கலை. அம்மை இல்லைன்னு தெரிஞ்சும்தான். ஒரு ஊட்டுல வாசம் வந்தாப் போதும், அம்மை பொய்யின்னு ஆயிருமல்லோ. எங்கூட்டுக்காரரு, ரசம் ஏன் சப்புன்னு இருக்குதுன்னு தட்டைத் தள்ளிப்போட்டாரு. தின்னாத் தின்னுங்க, ஆத்தா குத்தம்னேன். யாரும் யாருகிட்டயும் பேசிக்கலை. அதையப் பேசுவாங்களா?”

ரம்லா, உனக்குப் பயத்தில் மூக்கு அடைக்கவில்லை. உன் மூக்கு நன்றாகத்தான் இருந்தது.

நான்தான் உன்னைக் காப்பாற்றினேன் என்று ஒரு வருடத்துக்கு மேலாகத் தலை நிமிர்ந்து திரிந்தேன். அதே சந்தில், அதே குழாயடியில், எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள். அவமானமாக இருக்கிறது. அழுகை அழுகையாகவும் வருகிறது. சொன்னால் சிரிப்பாய், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

சென்னியம்மாள் வீட்டுக்குப் போனேன். கல்யாணத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், “வா கண்ணு, பத்திரிகை பார்த்தயா?” என்றாள், நேற்றுத்தான் பேசியது போல. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த விரலைத்தான் பிடித்தேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவளிடம் சொல்லவேண்டியதாகிவிட்டது. சொன்னேன்.  “அடப்பாவி, அதுக்கா பேசாம இருந்தே? நான் அந்தப் பித்தளைக் கொடத்துக்குன்னு நெனச்சேன்” என்றாள். அவள் குடத்தை நான் என் குடம் என்று சண்டை போட்டிருக்கிறேன், அது தனிக்கதை.

மதன் வந்தான். முழுவதும் சொன்னேன். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். “கெட்டவங்களும் இல்ல, நல்லவங்களுக்கும் முகம் இல்ல. எல்லாரும் ஒண்ணும் செய்யாம இருக்கறாங்க. இதைய எப்பிடிங்க அத்தை எடுக்கறது?” என்றான். வெளிநாட்டுப் படத்தில் அந்த அம்மாளின் பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். படத்தில் பக்கத்து வீடே இல்லை என்றான். பிறகு அவனாகவே எழுந்துபோய்ச் சந்தில் ஒவ்வொரு வீட்டு அடுப்படியையும் பார்த்துவிட்டு வந்தான். விரல் காட்சியை வெட்டிவிட்டான். நாடகக்காரப் பெண்ணையும் வேண்டாம் என்றுவிட்டான். ஒவ்வொரு வீட்டிலும் ரசச்சட்டியை இறக்கி, தாளிக்காமல் மூடி வைப்பதை எடுக்கப்போகிறானாம், அந்தந்த வீட்டுக்காரியையே நடிக்கவைத்து. இப்போது சந்து முழுவதும் என்ன சேலை கட்டுவது என்று ஒரே ரகளை. ராமாத்தாள் பட்டுச்சேலையோடு வந்து நிற்கிறாள்.

சென்னியம்மாள் மட்டும் வரமாட்டேன் என்கிறாள். மதன் கெஞ்சிப் பார்த்துவிட்டான்.

“நான் என்ன சாமி பண்ணுனேன்? தாளிக்காம இருந்தேன். அதையப் போயி யாராச்சும் படம் எடுப்பாங்களா?”

இனி நீதான் சொல்லவேண்டும், எடுப்பதா வேண்டாமா. இந்த முறை கேட்டுவிட்டேன். நீ வேண்டாம் என்றால் கேமராவைக் கட்டிவைத்துவிட்டு எல்லோரும் கல்யாண வேலையைப் பார்க்கிறோம்.

கோமளா


786
ஈரோடு
6.4.1999

என் கோமளாவுக்கு,

எடுக்கச் சொல்.

எங்கள் பெயர்களை மாற்றவேண்டாம். ரம்லா, ஆமினா பீவி, யுஸ்ரா. இங்கே வீட்டுச் சாவி இன்னும் சில இடங்களில் தொலையும், தொலைந்துவிட்டுப் போகட்டும். பின்னறைக் காட்சியில் அரிக்கேன் வேண்டாம். சன்னலில் அந்தப் பச்சைச் சேலையைப் போட்டு, கேமராவை எங்கள் பக்கம் திருப்பாமல் நாங்கள் பார்த்ததைப் பார்க்கச் சொல். நாங்கள் பார்த்தது சுவர்தான். மாமி நடக்கிற சத்தத்தை மட்டும் அதில் போட்டால் போதும். மாமி வருகிறார், அவரே நடந்து தருகிறாராம். சுவருக்கு அந்தப் பக்கம் சென்னியம்மா படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதாக நான் நினைத்துக்கொள்வேன். படத்தில் வரவேண்டியதில்லை என்று அவரிடம் சொல்.

அந்த வெளிநாட்டுப் படத்து அம்மாளை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். பாவம், அவளுக்கும் ஒரு பக்கத்து வீடு இருந்திருக்கும். பகலெல்லாம் ஒரு பெண் மாட்டுக் கொட்டகையைப் பார்த்துவிட்டு, எதையும் பார்க்காதவள் போல உள்ளே போயிருப்பாள்.

சித்திரை முதல் ஞாயிறு காலைப் பஸ்ஸில் கிளம்புகிறோம், நான், மாமி, யுஸ்ரா, இவர் நால்வரும். ஸ்டாண்டுக்கு நீ வரவேண்டாம். சந்து முனை வரைக்கும் இவர்கள் வரட்டும். அங்கிருந்து நான் முதலில் தனியாக நடந்து வருகிறேன். உன் வீட்டு அண்ணாவிடம் டெம்போ வேண்டாம் என்று சொல்.

நான் உங்கள் சந்தைப் பார்த்ததே இல்லை, கோமளா. வரும்போதும் சாக்குக்கு அடியில் வந்தேன், போகும்போதும் சாக்குக்கு அடியில்தான் போனேன். உன் வீடு எந்தப் பக்கம், சென்னியம்மா வீடு எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. நீ வாசலில் நின்று கூப்பிடாதே.

மத்தியானம் வந்து சேர்வேன். எல்லா வீட்டிலும் தாளிக்கச் சொல்.

ரம்லா